கத்தியைக் கடைசியில் எடு

அன்பு மகளுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். எம்.எஸ். முடித்த கையோடு ஓராண்டுக்கு மலாவி போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னார். குரலில் பெருமை பாதி, கவலை பாதி. நீ அனுப்பிய செய்தியில் கவலையே இல்லை. “தீக்காய வார்டில்தான் போடுவார்களாம், இங்கிருந்து என்ன கருவி எடுத்துப்போகலாம்?” என்று மட்டும் கேட்டிருந்தாய். அந்த நாட்டு மாவட்ட மருத்துவமனை ஒன்றில் நானும் வேலை பார்த்தவன் என்பதால் கேட்டிருக்கிறாய். கருவிப் பட்டியல் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அங்கே எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்பதுதான் நீளமான பாடம், அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெரிய மருத்துவமனையின் சிகிச்சையில் பாதியைக் கழித்தால் சிறிய மருத்துவமனையின் சிகிச்சை வந்துவிடும் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அப்படி வராது. இரண்டுக்கும் வரிசையே வேறு. வென்டிலேட்டரும் ரத்த வங்கியும் தோல் வங்கியும் பின்னால் நிற்கும்போது முதல் வாரத்திலேயே கத்தியை எடுக்கலாம். அவை இல்லாத இடத்தில் அதே கத்தி, அதே வாரத்தில், ஆளைக் கொன்றுவிடும். அறுவை சிகிச்சையில் பட்டம் வாங்கியவளுக்குக் கசப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் உண்மை அதுதான்.

முதலில் நாட்டைப் பற்றிக் கொஞ்சம். ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில், கடலைத் தொடாத நாடு. 1964இல் விடுதலை பெற்றது. தலைநகர் லிலாங்வே, வணிக நகரம் பிளாண்டயர். லிலாங்வேயின் கமுஸு மத்திய மருத்துவமனையிலும் பிளாண்டயரின் குயீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையிலும் தீக்காயத்துக்கென்று தனிப் பிரிவு உண்டு. மாவட்டங்களில் பொது வார்டின் ஒரு மூலைதான். அந்த நாட்டின் முதல் மருத்துவக் கல்லூரி 1991இல்தான் வந்தது. அதற்கு முன்பும், இன்று வரைக்கும், மருத்துவத்தைத் தூக்கிச் சுமப்பவர்கள் கிளினிக்கல் ஆஃபீசர்கள். எம்.பி.பி.எஸ். இல்லாதவர்கள், சில ஆண்டுகள் பயிற்சி பெற்றவர்கள். சிசேரியனும் செய்வார்கள், தோல் ஒட்டும் வைப்பார்கள். அவர்களிடம் உன் பட்டத்தைக் காட்டிப் பேசாதே. ஓர் ஆண்டில் நீ தொடப்போகும் தீக்காயங்களைவிட அதிகமானவற்றை அவர்களில் பலர் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள்.

யாருக்குத் தீக்காயம் படுகிறது என்பதிலேயே நம் ஊருக்கும் அவர்கள் ஊருக்கும் வேறுபாடு தெரியும். சென்னைக் கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தீக்காய வார்டில் நீ பார்த்தது மண்ணெண்ணெய் ஸ்டவ், கேஸ் கசிவு, புடவையில் பற்றிய தீ, தற்கொலை முயற்சி, பெரும்பாலும் இளம்பெண்கள். அங்கே வார்டை நிறைப்பவர்கள் சின்னக் குழந்தைகள். மூன்று கல் வைத்து, தரையோடு தரையாக எரியும் அடுப்பு. அதன்மேல் கொதிக்கும் தண்ணீர், இல்லையென்றால் ‘பாலா’ என்கிற சோளக் கஞ்சி. தவழ்ந்தோ தத்தி நடந்தோ வரும் குழந்தை பானையைத் தட்டிவிடும். லிலாங்வேயும் பிளாண்டயரும் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஜூன், ஜூலையில் இரவுகள் நன்றாகக் குளிரும். அந்த மாதங்களில் குடும்பம் முழுவதும் தணலைச் சுற்றிப் படுக்கும், வார்டும் நிரம்பும். பெரியவர்களில் கணிசமானோர் வலிப்பு நோய்க்காரர்கள், வலிப்பு வந்த நேரத்தில் அடுப்பில் விழுந்தவர்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இனி வேலைக்கு வருவோம். குழந்தை வந்து சேர்ந்ததும் காயத்தைப் பார்க்காதே, கடிகாரத்தைப் பார். எத்தனை மணிக்குச் சுட்டது? உன் திரவக் கணக்கு முழுவதும் அந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது, வார்டில் சேர்த்த நேரத்திலிருந்து அல்ல. அடுத்து எடை. அடுத்து உடலில் எத்தனை சதவீதம் வெந்திருக்கிறது என்பது. பெரியவர்களின் உடலை ஒன்பது ஒன்பது சதவீதமாகப் பிரிக்கும் ‘ஒன்பதின் விதி’யைக் குழந்தைகளிடம் அப்படியே போடாதே. பச்சைக் குழந்தைக்குத் தலை மட்டும் ஏறத்தாழ 18 சதவீதம், ஒரு கால் 14தான். வயதுக்கேற்பச் சதவீதம் காட்டும் லண்ட்-பிரவுடர் அட்டவணையை லேமினேட் செய்து சுவரில் ஒட்டிவிடு. 1944ஆம் ஆண்டு அட்டவணைதான், ஆனால் இன்றும் அதைத் தூக்கிச் சாப்பிடும் செயலி எதுவும் அந்த வார்டுக்கு வரவில்லை. சிதறிக் கிடக்கும் காயங்களுக்கு நோயாளியின் உள்ளங்கையை, விரல்களையும் சேர்த்து, ஒரு சதவீதம் என்று கொள். வெறும் சிவப்பைக் கணக்கில் சேர்க்காதே.

டல்லாஸ் நகரின் பார்க்லண்ட் மருத்துவமனையில் சார்லஸ் பேக்ஸ்டர் 1960களில் வகுத்த திரவச் சூத்திரம் உனக்கு மனப்பாடம்: எடை, சதவீதம், 4 மில்லி, மூன்றையும் பெருக்கு, பாதியை முதல் 8 மணி நேரத்தில் கொடு. பத்துக் கிலோ குழந்தை, 20 சதவீதம் என்றால் 800 மில்லி ரிங்கர் லாக்டேட். முதல் 8 மணி நேரத்துக்கு 400, அதாவது மணிக்கு 50. இது போக, குழந்தை என்பதால் வழக்கமான அன்றாடத் தேவைக்கு குளுக்கோஸ் கலந்த திரவம் தனி. இதுவரை தேர்வில் எழுதியிருப்பாய். பம்ப் இல்லாத வார்டில் மணிக்கு 50 மில்லியை எப்படி ஓட்டுவது என்பதுதான் அங்கே வரும் கேள்வி. சொட்டு எண்ண வேண்டும். சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி, நிமிடத்துக்கு 17 சொட்டு வரும். குழந்தைகளுக்கான மைக்ரோ டிரிப் செட் கிடைத்தால் வேலை சுலபம்: 60 சொட்டு ஒரு மில்லி என்பதால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டோ மணிக்கு அத்தனை மில்லி. பாட்டிலின் பக்கவாட்டில் பிளாஸ்டர் துண்டை நீளமாக ஒட்டி, ‘பத்து மணிக்கு இங்கே, பதினொரு மணிக்கு இங்கே’ என்று கோடு போடு. ஐம்பது நோயாளிகளுக்கு ஒரே சிஸ்டர் என்றாலும் நடந்துகொண்டே அந்தக் கோட்டைப் பார்த்துவிடலாம்.

சூத்திரம் வெறும் தொடக்கம். முடிவு சொல்வது சிறுநீர். குழந்தைக்கு மணிக்கு கிலோவுக்கு ஒரு மில்லி, பெரியவருக்கு அரை மில்லி. குறைந்தால் திரவத்தைக் கூட்டு, அதிகமானால் குறை. சிறுநீர்க் குழாய் கிடைக்காத நாளும் வரும். குழந்தை துணியை நனைப்பதற்கு முன்னும் பின்னும் அதை எடை போட்டால் போதும், ஒரு கிராம் ஒரு மில்லி. அளவுக்கு மீறிக் கொடுப்பதும் ஆபத்து. நுரையீரலில் நீர் கோத்த குழந்தையைக் காப்பாற்ற உன்னிடம் வென்டிலேட்டர் இருக்காது.

ரிங்கர் லாக்டேட்டே தீர்ந்துபோனால்? வாய் இருக்கிறது. 1971இல் வங்கதேசப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்தபோது, டாக்டர் திலீப் மகலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாளி வாளியாகக் கரைத்து, காலரா நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்தார். சாவு எண்ணிக்கை சரிந்தது. அதே கரைசல் தீக்காயத்துக்கும் உதவும். சிறிய காயங்களுக்கு, குழந்தையில் 10 சதவீதத்துக்குள், பெரியவரில் 15 சதவீதத்துக்குள், டிரிப்ஸே தேவையில்லை. அதற்கு மேலேயும், குடல் வேலை செய்து வாந்தி இல்லாதவரை, மூக்கு வழியாகக் குழாய் போட்டுச் சிறிது சிறிதாக ஓ.ஆர்.எஸ். கொடுக்கலாம். டிரிப்ஸுக்கு அது சமம் என்று சொல்லவில்லை. ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்கும் அதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

குளிரைப் பற்றிப் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிடும். நீ அப்படிக் கடந்துபோகாதே. தோல் போன குழந்தை வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். ஜூலை இரவில், கண்ணாடி உடைந்த ஜன்னலுக்குப் பக்கத்தில், ஈர டிரெஸ்ஸிங்கோடு கிடக்கும் குழந்தை விடியும் முன்பே ஜில்லிட்டுப்போகும். நீ வார்டில் நுழைந்த முதல் நாளே ஜன்னல்களை அடைக்க அட்டையும் டேப்பும் தேடு. காயத்தைக் கழுவ வெதுவெதுப்பான நீர்தான். சுட்ட இடத்தில் இருபது நிமிடம் குளிர்ந்த நீரை ஓட விடுவது முதலுதவி. முதல் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்தான் பலன். ஆறு மணி நேரம் மினிபஸ்ஸில் வந்த குழந்தையின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டிருப்பது முதலுதவி ஆகாது.

மூச்சுக் குழாய் வெந்தவர்களைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. மூடிய அறையில் தீ, கரகரத்த குரல், மூக்கில் கரி: இந்த மூன்றும் இருந்தால் தலைமாட்டை உயர்த்து, ஆக்சிஜன் கொடு, மயக்க மருந்துக்காரரை உடனே கூப்பிடு. வீங்கிய பிறகு குழாய் நுழையாது. ஆக்சிஜன் வருவது மின்சாரத்தில் ஓடும் கான்சன்ட்ரேட்டரிலிருந்து என்றால், கரண்ட் போனால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள். அந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே ஆற்றிலிருந்து வருகிறது. 2022 ஜனவரியில் அனா புயல் அந்த ஆற்றின் கபிச்சிரா மின்நிலையத்தைச் சேதப்படுத்தியபோது நாடு மாதக்கணக்கில் இருட்டில் தடுமாறியது.

இனி டிரெஸ்ஸிங். வார்டின் உயிர்நாடி இதுதான், ஆனால் டாக்டர்கள் எட்டிப் பார்க்காத இடமும் இதுதான். கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வலியை அடக்காமல் டிரெஸ்ஸிங்கைப் பிரிக்காதே. முதல் தடவை கதறவிட்டால், அடுத்த தடவை சக்கர வண்டியின் சத்தம் கேட்டதுமே அந்தக் குழந்தை அலறும். பிறகு சாப்பிடாது, கையை நீட்டாது, உடற்பயிற்சிக்கு ஒத்துழைக்காது. சிகிச்சை முழுவதும் அந்த ஒரு காலையில் கெட்டுப்போகும். நல்ல வேளையாக, இதற்கான மருந்துகள் ஏழை நாட்டுக்கும் எட்டுபவை. வாய்வழி மார்ஃபின் கரைசல் அங்கே கிடைக்கிறது. டிரெஸ்ஸிங்குக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன்பே கொடுத்தாக வேண்டும், பிரித்துக்கொண்டே கொடுத்தால் வீண். பெரிய காயங்களுக்கு கேட்டமைன். 1962இல் உருவாக்கப்பட்ட மருந்து. மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பெரிதாகக் கெடுக்காமல் வலியை மறக்கச் செய்யும், மயக்க மருந்து இயந்திரமும் வேண்டாம். போதைக்குப் பயன்படுகிறது என்று சொல்லி அதைச் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கச் சீனா முயன்றபோது உலக சுகாதார நிறுவனம் வேண்டாம் என்றது. ஏழை நாடுகளின் அறுவை சிகிச்சை அறைகள் மூடிப்போகும் என்பதுதான் காரணம். ஆனாலும் கேட்டமைன் கொடுக்கும்போது பக்கத்தில் ஆக்சிஜனும், உறிஞ்சும் கருவியும், மூச்சை மட்டும் கவனிக்கும் ஓர் ஆளும் இருக்க வேண்டும். அந்த ஆளை வேறு எந்த வேலைக்கும் அனுப்பாதே.

காயத்தைத் தினமும் நன்றாகக் கழுவு. ஓடும் நீரில் கழுவு. தொட்டியில் உட்காரவைத்தால் ஒருவரின் கிருமி இன்னொருவருக்குப் போகும். சில்வர் சல்ஃபாடயசீன் களிம்பை எல்லாக் காயத்துக்கும் பூசும் பழக்கம் நம் ஊரிலும் உண்டு. ஆழமான, அழுக்கான காயத்துக்குச் சரி. மேலோட்டமான வெந்நீர்க் காயத்துக்கு அது வேண்டாம், ஆறுவதைத் தாமதப்படுத்தும், காயத்தின்மேல் வெள்ளையாகப் படிந்து ஆழத்தையும் மறைக்கும். அத்தகைய காயத்துக்கு வாசலின் தோய்த்த காஸ் போதும். அதை வாங்கவும் வேண்டாம். காஸ் துணியை வெட்டி, வாசலினோடு டப்பாவில் அடுக்கி, கிருமி நீக்கி வார்டிலேயே செய்துகொள்ளலாம். பச்சையாகச் சீழ் பிடித்து, இனிப்பான ஒரு நாற்றம் வந்தால் சூடோமோனாஸ். நீர்த்த அசெட்டிக் அமிலம், அதாவது வினிகர், அதற்கு நன்றாக வேலை செய்யும். ஆன்டிபயாடிக்கைக் காய்ச்சல் வந்தவுடன் ஓடிப்போய் எழுதாதே. முதலில் மலேரியா டெஸ்ட் செய். எச்.ஐ.வி. பரிசோதனையும் கேட்டுச் செய், சிகிச்சை அங்கே இலவசம். டெட்டனஸ் ஊசியை மறக்காதே.

உள்ளூர் வைத்தியம் என்றால் உடனே முகம் சுளிக்காதே, உடனே உச்சி குளிரவும் வேண்டாம். மும்பை வாடியா குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டர் கேஸ்வானி உருளைக்கிழங்குத் தோலைத் துணியில் ஒட்டி, கிருமி நீக்கி, டிரெஸ்ஸிங்காக்கினார். அதே நகரின் சயான் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே வாழையிலையை அப்படிச் செய்து காட்டினார். நாம் சாப்பிடும் அதே இலை. ஒட்டாது, உரிக்கும்போது வலிக்காது. காம்பியாவின் பாஞ்சுல் நகர மருத்துவமனையில் பப்பாளிப் பழத்தைப் பிசைந்து குழந்தைகளின் காயத்தில் வைத்தார்கள், செத்த தோல் கரைந்து வந்தது. இவையெல்லாம் கிருமி நீக்கி, கணக்கு வைத்து, ஒரு வார்டு முழுவதும் சேர்ந்து செய்தவை. பாட்டி சொன்ன பற்பசையும் இங்க்கும் தோசை மாவும் இந்தக் கணக்கில் வராது. இன்னொன்று: இத்தகைய முறையை நீ கொண்டுபோய் அறிமுகம் செய்தால், நீ கிளம்பிய மறுநாள் யார் இலையை ஒட்டுவார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள். இரண்டு சிஸ்டர்களாவது தங்கள் வேலையாக எடுத்துக்கொள்ளாத எதுவும் அங்கே நிலைக்காது.

சாப்பாட்டைப் பற்றி நான் சொன்னால் உன் வகுப்புத் தோழர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஐம்பது கிலோ ஆளுக்கு 30 சதவீதத் தீக்காயம் என்றால், கர்ரேரி சூத்திரப்படி நாளுக்கு 2,450 கலோரி வேண்டும். புரதம் கிலோவுக்கு 2 கிராம் வைத்தால் 100 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். பதினாறு முட்டைக்கு மேல் ஆகிறது. ஆஸ்பத்திரிச் சாப்பாடோ ‘ந்சிமா’, நம்மூர்க் களி போலக் கிண்டிய வெள்ளைச் சோள மாவு. வயிறு நிறையும், காயம் ஆறாது. பல குழந்தைகள் ஏற்கெனவே எடை குறைந்தவர்கள். அந்த உடம்பில் நீ எவ்வளவு அழகாகத் தோல் ஒட்டு வைத்தாலும் ஒரு வாரத்தில் உருகிவிடும்.

அந்த ஊரிலேயே தீர்வு இருக்கிறது. நிலக்கடலை ஏராளம். மலாவி ஏரியில் பிடித்துக் காயவைத்த ‘உசிபா’ என்ற சிறு மீன் சந்தையில் கிடைக்கும். பீன்ஸ் உண்டு, சோயா உண்டு. ஊட்டக்குறைவான குழந்தைகளுக்குத் தரும் நிலக்கடலை விழுது, ‘சிபோண்டே’ என்பார்கள், குழந்தைகள் வார்டில் கேட்டு வாங்கலாம். வாராவாரம் எடை போட்டு எழுது. ஊட்டுவது யார்? கார்டியன். நோயாளியோடு வந்து தங்கும் தாயோ பாட்டியோ அக்காவோ. மருத்துவமனை வளாகத்திலேயே சமைத்து, துவைத்து, குளிப்பாட்டி, இரவு தரையில் படுப்பவர். அவரைப் பார்வையாளர் என்று எண்ணி ரவுண்ட்ஸ் நேரத்தில் வெளியே அனுப்பாதே. உன் வார்டின் பாதி ஊழியர் அவர்தான். சிச்சேவா மொழியில் வணக்கமும் நன்றியும் வலிக்கிறதா என்ற கேள்வியும் சொல்லத் தெரிந்துகொண்டு போ. அவரிடம் ஒரு டம்ளரைக் காட்டி, “சாயங்காலத்துக்குள் இத்தனை டம்ளர்” என்று சொன்னால், எந்த கேஸ் ஷீட்டும் செய்யாததைச் செய்து முடிப்பார்.

இப்போது கத்திக்கு வருகிறேன். உடனே எடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. கையையோ காலையோ மார்பையோ சுற்றி முழுவதுமாக ஆழமாக வெந்து, தோல் காய்ந்த வார் போல இறுகி, கீழே ரத்த ஓட்டமோ மூச்சோ தடைபட்டால், அந்த இறுக்கத்தைக் கீறிவிட வேண்டும். நள்ளிரவானாலும் தள்ளிப்போடாதே.

மற்றபடி பொறு. செத்த தோலை முன்கூட்டியே சீவி எடுத்து ஒட்டு வைக்கும் முறையை உலகுக்குக் காட்டியவர் அன்றைய யூகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரில் பணியாற்றிய டாக்டர் சோரா யான்செகோவிச், 1970இல். வசதி பெருகிய நாடுகளில் உயிர்களைக் காத்த மாபெரும் முன்னேற்றம் அது, ஐயமில்லை. ஆனால் சீவும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை மில்லி முதல் ஒரு மில்லி வரை ரத்தம் போகும். பெரியவரின் உடம்பில் 10 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 1,700 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பார். ரத்தம் இரண்டு பை கிடைக்குமா என்பதே நிச்சயமில்லாத ஊரில், குளிர்ந்த தியேட்டரில், சோகையும் மலேரியாவும் உள்ள குழந்தையிடம் அதைச் செய்தால் என்ன ஆகும்? கமுஸு மருத்துவமனையின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், முதல் சில நாட்களில் அறுவை செய்யப்பட்டவர்களிடம் இறப்பு அதிகமாக இருந்ததைக் கண்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் சர்ஜன்களிடம் எனக்குள்ள வருத்தமே இதில்தான். கை துறுதுறுக்கும், வந்த நாட்களுக்குள் எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று தோன்றும்.

எனவே செத்த தோல் தானாகக் கழன்று, கீழே சிவந்த, சமமான சதை வரும்வரை இரண்டு மூன்று வாரம் டிரெஸ்ஸிங்கும் உணவுமாகக் காத்திரு. பிறகு ஒட்டு வை. சிறிய, ஆழமான காயம், குறிப்பாகக் கையில் என்றால், டூர்னிகே கட்டி, அட்ரினலின் கலந்த உப்பு நீரை ஊசியால் ஏற்றி, முன்பே செய்யலாம். ரத்தம் அதிகம் போகாது. ஒரு நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் ஆசைப்படாதே. தோல் எடுக்க ஹம்பி கத்தியைக் கையால் ஓட்டக் கற்றுக்கொள். ஒட்டுத் தோலில் துளையிடும் மெஷ் இயந்திரம் இல்லையா, பதினொன்றாம் நம்பர் பிளேடால் அதில் சிறு சிறு கீறலாகப் போடு, கீழே சேரும் நீர் வடியும்.

கத்தி எடுப்பதற்கு வாரங்களுக்கு முன்பே, முதல் நாளிலேயே தொடங்க வேண்டிய வேலை கை கால்களைச் சரியான நிலையில் நிறுத்தி வைப்பது. நோயாளிக்கு எந்த நிலை சுகமோ அந்த நிலையில்தான் மூட்டு சுருங்கிப்போகும். கழுத்து வெந்தவருக்குத் தலையணையே கூடாது, தோளுக்கடியில் மடித்த போர்வை வை. அக்குள் வெந்தால் கை உடம்போடு செங்கோணத்தில் விலகி நிற்கட்டும். முழங்கையும் முழங்காலும் நேராக. மாவுக்கட்டுப் பட்டை எல்லா மருத்துவமனையிலும் கிடைக்கும், அதில் ஸ்பிளின்ட் செய். கார்டியனுக்கு அதைக் கழற்றி மாட்டச் சொல்லிக்கொடு, பகலில் மணிக்கொருமுறை மூட்டை நீட்டி மடக்கச் சொல். முகவாய் மார்போடு ஒட்டிய சிறுமிகளை அந்த நாட்டில் நீ பார்ப்பாய். அவர்களில் பலரின் உயிரை யாரோ காப்பாற்றியிருக்கிறார்கள், கழுத்தை யாரும் கவனிக்கவில்லை. பஸ் கட்டணம் இல்லாமல் திரும்ப வராதவர்களே அதிகம் என்பதால், வீட்டுக்கு அனுப்பும் நாளன்று சொல்லிக்கொள்ளலாம் என்று எதையும் வைக்காதே.

கடினமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னையிலோ கோவையிலோ ஐ.சி.யூ.வில் போராடிப் பார்க்கக்கூடிய 60 சதவீதம், அங்கே பிழைக்காது. 40ஐத் தாண்டினாலே பிழைப்பவர் மிகச் சிலர். அந்த நோயாளி முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார், உன் பெயரைக் கேட்பார். இருக்கும் கடைசிப் பத்து ரிங்கர் பாட்டில்களையும் அவருக்கே ஓட்ட உன் மனம் சொல்லும். அடுத்த கட்டிலில் 20 சதவீதக் குழந்தை இருக்கிறது. தனியாக முடிவெடுக்காதே. மூத்த கிளினிக்கல் ஆஃபீசரோடும் சிஸ்டரோடும் பேசி, குடும்பத்திடம் உள்ளதைச் சொல்லி, மார்ஃபினைத் தாராளமாகக் கொடுத்து, அவர் மக்களை அருகில் இருக்கவிடு. கைவிட்டோம் என்று நினைக்காதே. வலியில்லாமல் சாகவிடுவதும் அந்த வார்டின் வேலைதான்.

வலிப்பு நோயாளிகளைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். வலிப்பு தொற்றிக்கொள்ளும் என்று பல ஊர்களில் அஞ்சுகிறார்கள். தீயில் விழுந்தவரைத் தொட்டுத் தூக்கத் தயங்குவதால் காயம் எலும்புவரை போய்விடும். இந்த வலிப்பு எங்கிருந்து வருகிறது? பிளாண்டயரில் நடந்த ஆய்வு ஒன்றில், மூளை மலேரியாவிலிருந்து பிழைத்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குப் பின்னாளில் வலிப்பு நோய் வந்தது. கொசுவில் தொடங்கி அடுப்பில் முடியும் கதை இது. 1912 முதல் புழக்கத்தில் இருக்கும் ஃபீனோபார்பிட்டோன் மாத்திரை மிக மலிவு. ஒவ்வொரு தீக்காய நோயாளியிடமும் “விழுந்தபோது நினைவு இருந்ததா?” என்று கேள். இல்லை என்றால், ஒட்டு பிடித்ததோடு வேலை முடிந்தது என்று எண்ணாமல், மாத்திரையைத் தொடங்கி, அவர் ஊர் சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பு. இல்லாவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் அவரே மறுபடியும் வருவார். உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,80,000 பேர் தீக்காயத்தால் சாகிறார்கள், பெரும்பாலோர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். இதில் சர்ஜன் தடுக்கக்கூடியது கொஞ்சம், அடுப்பின் உயரமும் இந்த மாத்திரையும் தடுக்கக்கூடியது நிறைய.

பெட்டியில் ஹம்பி கத்தியின் பிளேடுகள் நிறைய வைத்துக்கொள். தோல் சீவும் மின்சார டெர்மடோம் வேண்டாம். அன்பளிப்பாக வந்த டெர்மடோம்கள் பிளேடு கிடைக்காமல் அலமாரியில் தூங்குவதை நீயே பார்ப்பாய். காலாவதி நெருங்கிய களிம்புகளை மூட்டை கட்டிக்கொண்டு போகாதே. மலாவி மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்யும் வேலையை இப்போதே தொடங்கு. குழந்தைகளைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதே, உன் அம்மா கேட்டாலும் சரி.

கிளம்ப இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்றாய். அதில் ஒரு மாதத்தைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொடு. தியேட்டருக்குள் போகாதே, டிரெஸ்ஸிங் அறையில் நில். அங்குள்ள மூத்த சிஸ்டர்களிடம் கட்டை எப்படி நனைத்துப் பிரிப்பது, அழும் குழந்தையின் கையை எப்படிப் பிடிப்பது, சொட்டை எப்படி எண்ணுவது என்று கேட்டுக் கற்றுக்கொள். டாக்டர் என்று தயங்கி ஒதுங்குவார்கள். நீயே கையுறையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் போய் நில்.

அன்புடன்,
சித்தப்பா